ஜிம்பு: நேபாள மலையில முளைக்கிற காட்டு வெங்காயத் தாள், நெய்யில தாளிச்சா மட்டும் அஞ்சு ஸ்டார்

பாக்க காஞ்ச புல்லு மாதிரி இருக்கும், கையில அள்ளினா வெயிட்டே தெரியாது, விலைய கேட்டாதான் கனம் தெரியும். இதுதான் ஜிம்பு. நேபாளத்துல முஸ்தாங், டோல்பா, மனாங் மாதிரி உயரமான மலைப்பக்கம் யாரும் விதைக்காம தானா முளைக்கிற வெங்காய ஜாதி, அதோட தாள அறுத்து காய வச்சு விக்கறாங்க, அங்க பருப்பு தாளிக்க இதத்தான் போடுவாங்க. காட்மாண்டு போன எடத்துல வாங்குனேன், அப்புறம் தீந்துபோய் இங்க ஆன்லைன்லயும் வாங்கி பாத்தேன், ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதான் எழுதலாம்னு உக்காந்தேன்.

முதல்ல இது எங்க இருந்து வருதுன்னு சொல்லிடறேன், ஏன்னா விலை ஏன் அப்படின்னு அதுலயே புரிஞ்சிடும். முஸ்தாங் வந்து அன்னபூர்ணா, தவுளகிரி ரெண்டு மலைக்கும் பின்னாடி மழை மறைவுல இருக்கற ஊரு, மொட்டைப் பாறையும் காத்தும்தான், கீழ இருக்கற ஜோம்சோம் டவுனே 2,700 மீட்டர் உயரம், மேல லோ மந்தாங் போனா 3,800 மீட்டர் கிட்ட வருது. அந்த சரிவுகள்ல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஊர்க்காரங்க நடந்து போய் இந்த தாள பறிக்கறாங்க. கிழங்க தோண்டாம மேல இருக்கற தாள மட்டும் எடுத்தாதான் மறுபடி துளிர்க்கும். பறிச்சத நிழல்ல காய வைக்கணும், வெயில்ல போட்டா பச்சையும் போயிடும் வாசமும் போயிடும். காஞ்சதும் கொஞ்சூண்டா சுருங்கிடும், ஒரு கூடை தாள் காஞ்சு ஒரு கைப்பிடி ஆகறத நெனச்சு பாருங்க, அப்புறம் பேரம் பேச மனசு வராது. அறிவியல் பேரு கேக்கறவங்களுக்கு, அல்லியம் ஹிப்சிஸ்டம், அல்லியம் பிரெவால்ஸ்கியானம்னு ரெண்டு ஜாதி, ரெண்டையுமே ஜிம்புன்னுதான் விக்கறாங்க, கடையில போய் எது எதுன்னு கேட்டா சிரிப்பாங்க.

நான் வாங்குனது காட்மாண்டுல அசன் பஜார்ல. அன்னபூர்ணா கோயில் இருக்கற அந்த சந்திப்பை சுத்தி மசாலா, காஞ்ச மீனு, பித்தளை பாத்திரம்னு தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்கற மார்க்கெட், நம்ம பாரிஸ் கார்னர் கணக்கா. சாக்குல திறந்தாப்ல வச்சு வித்துக்கிட்டிருந்த ஒரு அம்மா, நான் "தீதி, ஜிம்பு நல்லதா?"ன்னு தெரிஞ்ச ஹிந்தியில கேட்டதும் பதிலே சொல்லல, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில வச்சு கசக்கி என் மூக்கு கிட்ட நீட்டிட்டாங்க. பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம், கூடவே லேசா வைக்கோல் வாசம். நல்ல சரக்குன்னா நூல் மாதிரி மெல்லிசா, பச்சையும் பழுப்பும் கலந்து இருக்கணும், நடுவுல அங்கங்க ஊதா பூத்துண்டு கெடக்கும், அது தப்பில்ல. தடிச்ச தண்டு நெறைய இருந்தா வேணாம்னு நகர்ந்துடுங்க. 50 கிராம் 250 நேபாள ரூபாய் சொன்னாங்க, அங்க 1.6 ரூபாய்க்கு நம்ம ஒரு ரூபாய் கணக்கு, ஆக நமக்கு 156 ரூபாய் ஆகுது. அதிகம்னு தோணும், ஆனா ஒரு தாளிப்புக்கு ரெண்டு விரல்ல எடுக்கற அளவுதான் போகுது, வீட்ல மாசக்கணக்கா வந்துச்சு.

இப்ப சமையலுக்கு வருவோம், இங்கதான் நெறைய பேரு கோட்டை விட்டுட்டு "சுமார்தான்"னு ரிவ்யூ போடறாங்க. இத வெங்காயத்துக்கு பதிலா வதக்கறதுக்கு வாங்காதீங்க, சாலட் மேல அப்படியே தூவாதீங்க, தூவுனா வைக்கோல மெல்ற மாதிரிதான் இருக்கும். கரண்டியில நெய் விட்டு நல்லா சூடானதும் அடுப்ப அணைச்சுடுங்க, காஞ்ச மிளகாய் வேணும்னா அதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், கடைசியா ஜிம்பு. போட்ட உடனே பொரிஞ்சு, பச்சை போய் கரும்பழுப்பா மாறும், அந்த நொடியில வாசம் ஹால் வரைக்கும் வரும், அப்பவே பருப்புல கொட்டிடணும். இன்னொரு மூச்சு விட்டா கருகிடும், கருகுனா கசப்பு, மொத்த பருப்பும் வீண். நல்லெண்ணெயில செஞ்சா எண்ணெய் வாசம்தான் முன்னாடி நிக்குது, ஜிம்பு காணாம போயிடுது. கடுகெண்ணெய் பழக்கம் இருந்தா ஓகே, அங்க உருளைக்கிழங்கு அச்சாருக்கு அதுலதான் தாளிக்கறாங்க. என் ஓட்டு நெய்க்குத்தான்.

எதுக்கு சேருதுன்னா, தோல் உளுந்து பருப்புக்கு இதுக்கு மிஞ்சி ஒன்னும் கெடையாது. முஸ்தாங் பக்கத்து தக்காலி இனத்துக்காரங்க ஸ்டைல் சாப்பாட்டு கடைங்கள்ல கருப்பா, கொழகொழன்னு ஒரு பருப்பு ஊத்துவாங்க பாருங்க, இரும்பு சட்டியில வேக வச்சது, அதோட ருசி பாதி இந்த தாளிப்புலதான் இருக்கு. நம்ம பக்கம் தயிர் சாதத்துக்கு பிரமாதம், அரிசி பருப்பு கஞ்சிக்கும் சூப்பர், உருளைக்கிழங்கு வறுவலுக்கு கடைசியில நெய்யோட ஊத்துனா பசங்க சட்டிய வழிச்சாங்க. புளிக்குழம்புக்கு வேஸ்ட், புளி இத முழுங்கிடும். சாம்பாரும் அப்படித்தான், பெருங்காயம் போட்ட எதுலயும் இது எடுபடல, ரெண்டுல ஒன்னு மட்டும் போடுங்க.

எங்கம்மா டப்பாவ திறந்து பாத்துட்டு "இதென்னடா மாட்டுக்கு போடறத எல்லாம் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க"ன்னாங்க, தாளிச்சு குடுத்ததும் "நம்ம வடகம் மாதிரிதான் இருக்கு, ஆனா காரம் கம்மி"ன்னாங்க. கரெக்டா சொன்னாங்கன்னு நெனைக்கறேன். சித்திரை வெயில்ல சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து எல்லாம் இடிச்சு, விளக்கெண்ணெய் தடவி உருட்டி காய வைக்கற தாளிப்பு வடகம் வீட்ல இருக்கறவங்களுக்கு இது அவசியமான்னு கேட்டா, அவசியம் இல்ல. வடகத்துல ஒரு கூட்டமே இருக்கு, இதுல ஒரே ஆளு. வத்தக்குழம்புக்கு வடகம்தான் ஜெயிக்கும். ஆனா கஞ்சி, தயிர், வெறும் பருப்புன்னு அடக்கமான சாப்பாட்டுக்கு நான் ஜிம்பு பக்கம்.

ஆன்லைன் கதைக்கு வரேன். கடை பேரு வேணாம். அழகான பிரவுன் பேப்பர் பாக்கெட், மலை படம், "ஹிமாலயன் வைல்ட் ஹெர்ப்"னு பெருசா போட்டு, கிராம் கணக்கு போட்டா அசன் விலைக்கு நாலு மடங்குக்கு மேல. பிரிச்சு பாத்தா பாதி தூளு, மீதி வெளுத்துப்போன குச்சி, கசக்குனா அட்டைப்பெட்டி வாசம். எப்ப பறிச்சதுன்னு எங்கயும் இல்ல, பேக் பண்ண தேதி மட்டும் ஜம்முன்னு இருக்கு. பழைய சரக்க புதுசா பேக் பண்ணா அந்த தேதிய வச்சு நான் என்ன பண்றது? ரிட்டர்ன் கேட்டா உணவுப்பொருள் ரிட்டர்ன் கெடையாதாம். அதுக்கு ஒரு ஸ்டார், அதுவும் பாக்கெட்டுக்கு, காலி பண்ணி ஏலக்காய் போட்டு வச்சிருக்கேன்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். இத படிச்சிட்டு நம்ம ஊரு காட்டுலயும் காட்டு வெங்காயம் இருக்கேன்னு யாரும் கிளம்பிடாதீங்க. நம்ம பக்கம் நரி வெங்காயம், காட்டு வெங்காயம்னு சொல்றது வேற செடி, பாக்க பெரிய வெங்காயம் மாதிரியே கிழங்கு இருக்கும், ஆனா விஷம், இதயத்த பாதிக்கற சத்து அதுல இருக்கு. சித்த மருத்துவத்துல பயன்படுத்தறாங்கன்னா அது வைத்தியர் வேலை, நம்ம சட்டியில போடற சமாச்சாரம் இல்ல. உண்மையான வெங்காய ஜாதின்னா கசக்குனா வெங்காய வாசம் தூக்கும், அந்த வாசம் இல்லன்னா தொடவே தொடாதீங்க, வாசம் இருந்தாலும் செடி தெரிஞ்ச ஆளு கூட இல்லாம பறிக்காதீங்க.

வாங்குனத கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி இருட்டா வைங்க, சென்னை ஈரத்துக்கு பாலித்தீன் கவர்ல வச்சா ஒரே மழைக்காலத்துல நமத்துப்போகும். நமத்துட்டா வெறும் சட்டியில மிதமான சூட்டுல ஒரு பெரட்டு பெரட்டி ஆற வச்சா கொஞ்சம் உயிர் வரும், முழுசா வராது. பொடி பண்ணி வைக்காதீங்க, வாசம் நிக்காது.

நேபாளம் போக முடியாதவங்க உத்தராகண்ட்ல குமாவுன் பக்கம் டூர் போனா அல்மோரா, முன்ஸியாரி கடைங்கள்ல ஜம்புன்னு கேட்டு பாருங்க, அங்கயும் இதே மாதிரி மலை வெங்காயத் தாள்தான், ஆலு கே குட்கேங்கற உருளைக்கிழங்கு வறுவலுக்கு அதத்தான் தாளிக்கறாங்க. எங்க வாங்குனாலும் அக்டோபர், நவம்பர்ல வாங்குங்க, அந்த வருஷத்து சரக்கு அப்பதான் கீழ எறங்கி வந்திருக்கும். மே மாசம் போய் நின்னா போன வருஷத்து மிச்சம்தான் கிடைக்கும், கசக்கி மோந்து பாக்காம காச நீட்டாதீங்க.