ஸ்கஸி கேபிளைச் செருகுமுன்: எஸ்.ஈ., எச்.வி.டி., எல்.வி.டி.

பழைய ஸ்கஸி (வன்தட்டு, ஸ்கேனர் போன்றவற்றை ஒரே கேபிளில் வரிசையாகக் கணினியோடு இணைக்கும் முறை) வன்தட்டு கையில் கிடைத்தால், செருகியின் அருகே அச்சிட்டிருக்கும் சாய்சதுரக் குறியை முதலில் தேடுங்கள். அது எஸ்.ஈ., எச்.வி.டி., எல்.வி.டி. என்ற மூன்று மின் வகைகளில் எது என்று சொல்லும். 68 ஊசிச் செருகி மூன்று வகைக்கும் ஒன்றேதான். உள்ளே ஓடும் மின்சாரம் வேறு.

எஸ்.ஈ. (சிங்கிள் எண்டட்) ஏழைக்கேற்ற ஏற்பாடு. சமிக்ஞைக்கு ஒரே கம்பி. அதன் மின்னழுத்தத்தைத் தரையோடு ஒப்பிட்டுப் படிக்கும். வழியில் சேரும் இரைச்சலையும் சேர்த்தே படித்துவிடும். அதனால் 6 மீட்டரில் தொடங்கிய கேபிள், வேகம் ஏற ஏற 3 மீட்டராகி, அல்ட்ரா என்ற வேகத் தலைமுறையில் நான்கு சாதனங்களைத் தாண்டினால் ஒன்றரை மீட்டராகச் சுருங்கியது.

எச்.வி.டி. (ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல்) இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி, வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். இரண்டிலும் ஒரேபோல ஏறிய இரைச்சல் கழிந்துவிடும். 25 மீட்டர் வரை போகலாம். விலைதான் இடித்தது. ஓட்டும் சில்லுகளைத் தனியாக வைக்க வேண்டும். எஸ்.ஈ. சாதனத்தோடு தெரியாமல் கோத்தால் சில்லு கருகவும் கூடும்.

அடுத்த தலைமுறையான அல்ட்ரா2-வோடு வந்த எல்.வி.டி.க்கே (லோ வோல்டேஜ் டிஃபரன்ஷியல்) என் ஓட்டு. அதே இரட்டைக் கம்பி உத்தி, குறைந்த மின்னழுத்தத்தில், எல்லாம் கட்டுப்பாட்டுச் சில்லுக்குள் அடங்கும், 12 மீட்டர். ஆனால் வரிசையில் ஒரு எஸ்.ஈ. ஸ்கேனரை மாட்டினால், அது வரிசையின் மின் வகையைக் காட்டும் டிஃப்சென்ஸ் கம்பியைத் தரைக்கு இழுக்கும். மொத்த வரிசையும் எஸ்.ஈ.க்கு இறங்கும். நொடிக்கு 80 மெகாபைட் 40 ஆகும். கேபிள் நீளத்துக்கும் பழைய கெடுபிடி திரும்பும்.

அனுப்பும் முறையிலும் இரு கட்சி உண்டு. அசிங்க்ரனஸில் ஒவ்வொரு பைட்டுக்கும் ரெக் (கோரிக்கைச் சமிக்ஞை) எழ வேண்டும், ஆக் (ஒப்புகைச் சமிக்ஞை) எழ வேண்டும், ரெக் விழ வேண்டும், ஆக் விழ வேண்டும்: கேபிளில் நான்கு நடை. மீட்டருக்கு 5 நானோநொடி என்றால் 25 மீட்டரில் பைட்டுக்கு 500 நானோநொடி. எட்டு பிட் பஸ்ஸில் (ஒரே நேரத்தில் எட்டு பிட் போகும் தடத்தில்) நொடிக்கு 2 மெகாபைட்டைத் தாண்ட வழியில்லை. எச்.வி.டி. தந்த நீளத்தை இந்த மரியாதைப் பரிமாற்றமே தின்றுவிடும். சிங்க்ரனஸில் ஆக் வரும்வரை காத்திருக்காமல், பேசி முடித்த எண்ணிக்கைவரை ரெக்குகளை அடுக்கடுக்காக விடலாம். கடைசியில் கணக்கு நேரானால் போதும்.

இருந்தும் அசிங்க்ரனஸை ஒதுக்கிவிடாதீர்கள். தட்டு பாதியில் தொங்கினால், கட்டுப்பாட்டு அட்டையின் அமைப்பில் சிங்க்ரனஸை அணைத்துப் பாருங்கள். நிதானமாக ஓடத் தொடங்கினால், தட்டைக் குறை சொல்லுமுன் கேபிளையும் அதன் முனையில் மாட்டும் டெர்மினேட்டரையும் மாற்றிப் பார்ப்பேன்.