நேரில் சொல்வதா, 101-க்குப் போன் போடுவதா?

இங்கிலாந்தின் டார்செட்டில், நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை பராமரிக்கும் ஸ்டட்லண்ட் கடற்கரையில், ஆடையில்லாமல் இருக்க விரும்புபவர்களுக்கென்றே ஒரு பகுதியைப் பலகை வைத்து ஒதுக்கியிருக்கிறார்கள். பின்னாலேயே மணல்மேடு. அங்கே புதர் மறைவில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? நேரில் போய்ச் சொல்வதா, அவசரமில்லாத புகார்களுக்கான போலீஸ் எண்ணான 101-க்குப் போன் போடுவதா?

வேகம்: நேரில் சொன்னால் அரை நிமிடம். "போனைக் கீழே வைங்க" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாலே பல பேர் நழுவிவிடுவார்கள்.
101: போலீஸ் வருவதற்குள் ஆள் கிளம்பியிருப்பான்.

ஆபத்து: தனியாகப் போய் வம்பு வளர்க்காதீர்கள், அதுவும் உடம்பில் துணியில்லாத நேரத்தில்!
101: தள்ளி நின்றே பேசலாம்.

பலன்: இதில் புகார்தான் மேல். அந்த ஊரில் வெறுமனே நிர்வாணமாக இருப்பது குற்றமில்லை. ஆனால் பிறரைப் பதறவைக்கும் நோக்கத்தோடு உறுப்பைக் காட்டுவது 2003-ஆம் ஆண்டு பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். அதனால் நேரம், சட்டை நிறம், எந்தப் பலகைக்குப் பக்கத்தில் என்பதையெல்லாம் குறித்துக் கொடுங்கள்.

சரி, எது எதற்கு? வெறித்துப் பார்ப்பவன், பாட்டை அலறவிடுபவன் என்றால் துணைக்கு ஒருவரோடு போய் நேரில் சொல்லுங்கள். ஒளிந்து படமெடுத்தவன், காட்டிக்கொண்டு நின்றவன் என்றால் 101. பின்தொடர்கிறான், தொட வருகிறான் என்றால் இரண்டுமே வேண்டாம், உடனே அவசர எண்ணான 999.