லேசிக், பிஆர்கே, ஸ்மைல்: கருவிழியில் மிஞ்சுவது எவ்வளவு?

லேசிக், பிஆர்கே, ஸ்மைல் மூன்றும் கண்ணாடியைத் தவிர்க்க, கண்ணின் முன்பக்கத் தெளிவான உறையான கருவிழியை லேசரால் செதுக்கி மாற்றும் சிகிச்சைகள். அதன் தடிமனை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளப்பார்கள். பரிசோதனை முடிந்ததும் "தடிமன் 520 மைக்ரான், தாராளமாகச் செய்யலாம்" என்பார்கள். அந்த ஓர் எண்ணை வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். செதுக்கியபின் எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள்.

செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தைப் பவரால் பெருக்கி 3ஆல் வகுத்தால் ஆழம் மைக்ரானில் கிடைக்கும். மைனஸ் 6 பவர், 6.5 மி.மீ. வட்டம் என்றால் ஏறக்குறைய 85. சில கருவிகள் இதைவிடக் கூடுதலாகச் செதுக்கும் என்பதால், கருவியின் திரையில் வரும் எண்ணையே இறுதியாகக் கொள்ள வேண்டும். வட்டத்தை 6 ஆகக் குறைத்தால் 72 போதும். ஆனால் கண் பாப்பா (கண்ணின் நடுவிலுள்ள கருந்துளை) பெரிதாக விரியும் கண்ணில் இரவு விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியக்கூடும்.

லேசிக்கில் மேலே திறக்கும் படலமும் கணக்கில் கழியும். திரும்ப மூடினாலும் அது பழைய வலுவைத் தராது. ஃபெம்டோ லேசரால் 110 மைக்ரானில் திறந்தால், செதுக்கும் 85ஐயும் கழித்து 520இல் 325 மிஞ்சும். பிளேடால் 160 என்றால் 275. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்ற பழைய எல்லையைத் தாண்டுகிறதே என்பார்கள். ஆனால் படலமும் செதுக்கலும் சேர்ந்து 245, அதாவது மொத்தத் தடிமனில் 47 சதவீதம்! 40ஐத் தொட்டாலே, கருவிழி பின்னாளில் தளர்ந்து முன்னே புடைக்கும் அபாயம் கூடுகிறது. போதாக்குறைக்கு பிளேடு குறித்ததைவிட ஆழமாக இறங்குவதும் உண்டு. இந்தக் கண்ணுக்குப் பிளேடு லேசிக் வேண்டாம்.

பிஆர்கேயில் படலமே இல்லை. சுமார் 50 மைக்ரான் மேல்தோலை நீக்குவார்கள், அது மறுபடி வளர்ந்துவிடும். அடியில் 385 தங்கும். விலை, சில நாள் நல்ல வலியும், பார்வை தெளிய வாரக்கணக்கில் காத்திருப்பும். அதிகப் பவரில் மங்கல் படியாதிருக்க மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவுவார்கள். சிறு கீறல் வழியே உள்ளிருந்து திசுவை எடுக்கும் ஸ்மைல் தடிமனை மிச்சப்படுத்தும் என்று நம்ப வேண்டாம். அதே பவருக்கு அது எடுக்கும் திசு லேசிக்கைவிடச் சற்று அதிகம்.

தடிமனைவிட முக்கியமானது கருவிழியின் வளைவைக் காட்டும் வடிவப்படம். 560 மைக்ரான் கண்ணிலும் பின்பரப்பில் கூம்புக் கருவிழி (கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய்) தொடங்கியிருக்கலாம். அப்படியானால் லேசிக், ஸ்மைல் இரண்டும் கூடாது. மென்மையான லென்ஸை ஓரிரு வாரமும் கடின லென்ஸை மூன்று நான்கு வாரமும் கழற்றிவைத்த பிறகே படம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் அழுத்திய வடிவமே பதியும்.

சிகிச்சைக்கு முந்தைய அளவுகளின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் குறைவாகக் காட்டும். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் பவர் கணக்கிடும்போதும் அந்தத் தாளைத்தான் தேடுவார்கள்.