பழைய இம்பாலாவும் ராமநாதபுரம் டிங்கர் பட்டறையும்

கீழக்கரையில் 1964 செவ்ரோலெட் இம்பாலா ஒன்று விலைக்கு வந்தது, கூரை மடக்கும் மாடல். வாங்குமுன் பட்டறை அண்ணனைக் கூட்டிப் போனேன். பெயிண்டைக்கூடப் பார்க்காமல் சாக்கை விரித்து அடியில் நுழைந்துவிட்டார். இந்த வண்டிக்கு எக்ஸ் வடிவச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம்; ஓரத்தில் சட்டம் கிடையாது. மேலே இரும்புக் கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழுள்ள தகடுதான் பலம். "உப்புக்காத்து தின்னுருச்சு தம்பி" என்று ஸ்க்ரூடிரைவரால் குத்தினார், உள்ளே போய்விட்டது! விலை நன்றாக இறங்கியது.

இரும்புக் கூரையை வெட்டி, மடக்கும் கூரையாக மாற்றிய வண்டியோ என்ற சந்தேகத்தை நானே தீர்த்தேன். வண்டியின் அடையாள எண்ணில் கூரை மடக்கும் மாடலுக்கான 67 இருந்தது, அசல்தான். 47 என்றால் ஹார்ட்டாப், அதாவது மடங்காத இரும்புக் கூரை.

பட்டறை அண்ணனின் வெல்டிங் சுத்தம். கூலியை மட்டும் முன்கூட்டிச் சொல்லமாட்டார், எரிச்சல்தான். துணிக்கூரை தைக்க இங்கே கொடுக்காதீர்கள், மதுரைக்குப் போங்கள்.