பழைய டிஐ-84 பிளஸ் வாங்குகிறீர்களா? பின்மூடியை நம்பாதீர்கள்

ஒரு பழைய கால்குலேட்டருக்கு 60 டாலர் கொடுத்து ஏமாந்தேன். பிள்ளைகளின் பள்ளிக்கணக்குக்கு வாங்குகிறவர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை. டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரில் அசெம்பிளி நிரல் (சில்லோடு நேரடியாகப் பேசும் நிரல்) எழுதிப் பார்க்கும் என்னைப் போன்ற கிறுக்கர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

2004-இல் வந்த இந்தக் கருவியின் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் 128 கேபி ராம் உண்டு. பெட்டியில் அப்படிப் போட்டிருக்காது. பயனருக்கு 24 கேபி என்றுதான் இருக்கும். மீதியைத் தொட வேண்டுமானால் உள்ளே கணக்குப் போடும் மூளையான இசட்80 சில்லின் போர்ட்டுகள் வழியாகத்தான் போக வேண்டும். கேபிள் செருகும் போர்ட் இல்லை. நிரலுக்குள்ளிருந்து எண் சொல்லிக் கூப்பிடுவது. இசட்80 ஒரு நேரத்தில் 64 கேபியைத்தான் பார்க்கும். அதனால் நினைவகத்தை 16 கேபி துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம். 6 அல்லது 7-ஆம் போர்ட்டில் பக்க எண்ணை எழுதினால், அந்தப் பக்கம் எதிரே வந்து நிற்கும். இந்த விவரங்களில் பெரும்பகுதி ஆர்வலர்கள் பல வருடங்களாகத் துருவித் துருவிக் கண்டுபிடித்தது.

பிந்தைய தயாரிப்புகளில் ராம் 48 கேபிதான். சொன்ன 24 கேபி அப்படியே இருப்பதால் தயாரிப்பாளரைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பழைய கருவிக்குத் தனி மவுசு வந்துவிட்டது. எது பழையது என்பதைப் பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் கடைசி எழுத்தை வைத்துச் சொல்வார்கள்.

எனக்கு விற்றவர் அந்த எழுத்தைப் பளிச்சென்று படமெடுத்து அனுப்பினார். கூடவே மெமரி திரையின் படமும். அந்தத் திரை இரண்டு ரகத்திலும் ஒரே மாதிரிதான் காட்டும், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுத்தைப் பார்த்ததும் பணத்தை அனுப்பிவிட்டேன்.

வந்த அன்றே சோதித்தேன். ஒரு பக்கத்தில் எழுதினேன், படித்தேன், சரி. அடுத்த பக்கம், அதுவும் சரி. திருப்தியாகி அவருக்கு ஐந்து நட்சத்திரம் வேறு போட்டேன்!

வார இறுதியில், கொக்கு பறப்பதைப் படம் படமாக ஓட்டிக் காட்டும் என் நிரலை ஏற்றினேன். 96×64 புள்ளித் திரைக்கு ஒரு படம் 768 பைட். ஒரு பக்கத்தில் 21 படம் கொள்ளும், மீதிப் படங்கள் அடுத்தடுத்த பக்கங்களில். கொக்கு கிளம்பி, பறந்து, இறங்க வேண்டும். கிளம்பவே இல்லை. கால் நீட்டித் தரையிறங்கும் காட்சியே திரும்பத் திரும்ப வந்தது. எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்! கடைசியாக எழுதியது முன்னதையெல்லாம் அழித்திருக்கிறது.

அப்புறம்தான் கருவியைத் திருப்பிப் பார்த்தேன். திருகுகளின் தலையில் கீறல். முன்பக்கம் புதிது போல வழவழப்பு, பின்மூடியோ தேய்ந்து பழுத்திருந்தது. பழைய மூடியைக் கழற்றிப் புதிய கருவிக்கு மாட்டியிருக்கிறார்.

கேட்டதற்கு, "கணக்குப் போடுகிறதல்லவா, அப்புறம் என்ன?" என்றார். நான் போட்ட ஐந்து நட்சத்திரத்தையே எனக்குக் காட்டினார். நான்கு நாள் மல்லுக்கட்டிப் பாதிப் பணம் திரும்பி வந்தது.

வாங்குமுன் திருகுகளை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையில் வந்தபின் பதினாறடிமான எண்ணில் 82 முதல் 87 வரையுள்ள பக்கங்களில் வெவ்வேறு எண்ணை எழுதி, எல்லாம் எழுதி முடித்த பிறகு முதலிலிருந்து படியுங்கள். 80, 81 பக்கங்களில் கைவைக்காதீர்கள், கருவி தன் சொந்த வேலைக்கு வைத்திருப்பது அவை. நட்சத்திரத்தை அதற்குப் பிறகு போட்டால் போதும்.