லேசர் டேக்கோமீட்டரை வைத்துப் பின் ஆக்சில் ரேஷியோ பார்க்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையடக்க லேசர் டேக்கோமீட்டர் நல்ல பொருள்தான், ஆனால் பழைய காரின் பின் ஆக்சில் ரேஷியோவை, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை, கண்டுபிடிப்பதற்காகவே அதை வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நிற்கவும். அந்த வேலையை ஒரு சாக்பீஸும் ஜாக்கியும் இதைவிடச் சுத்தமாக முடித்துக் கொடுக்கும். கருவிக்கு வேறொரு வேலை இருக்கிறது, அதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டையும் பார்ப்போம்.

கருவி டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் தடிமன். கூடவே ஒளியைத் திருப்பி அடிக்கும் டேப் ஒரு துண்டு வரும். சுழலும் பாகத்தில் அந்த டேப்பை ஒட்டி லேசரை அடித்தால், ஒரு சுற்றுக்கு ஒரு முறை பளிச்சென்று ஒளி திரும்பும், அதை எண்ணி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று திரையில் காட்டும். இந்த வகைக் கருவிகளில் வழக்கமாகப் போட்டிருக்கும் அளவுகள்: 2.5 முதல் 99,999 சுற்று வரை, 0.05 சதவீதப் பிழை, 50 முதல் 500 மில்லிமீட்டர் தூரம். பழைய கார்க்காரனுக்கு இந்தத் துல்லியமே ஜாஸ்தி. பட்டனை விட்ட பிறகு கடைசி அளவு, அதிகபட்சம், குறைந்தபட்சம் மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. எஞ்சின் பக்கத்தில் குனிந்துகொண்டு திரையைப் பார்க்க முடியாதபோது இது உண்மையிலேயே உதவுகிறது.

நான் சோதித்தது எம்ஜிஏ என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில். 1955 முதல் 1962 வரை வந்த இந்தக் காருக்குக் கம்பெனி வழக்கமாகக் கொடுத்த ரேஷியோ 4.3, கடைசியில் வந்த 1600 மார்க் 2-வில் 4.1. சிக்கல் எங்கே என்றால், அடுத்து வந்த எம்ஜிபி-யின் ஆரம்பகால ஆக்சிலும் இதே குடும்பம்தான், அதன் 3.909 டிஃபரென்ஷியலை, அதாவது சுழற்சியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியை, கொஞ்சம் சில்லறை வேலை பார்த்து எம்ஜிஏ ஆக்சிலின் ஹவுசிங்குக்குள் உட்கார வைத்துவிடலாம், நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தாமல் ஓடவேண்டும் என்று நினைக்கிறவர்கள் காலகாலமாகச் செய்து வருவதுதான் இது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். அறுபது வருடத்தில் வண்டி எத்தனை கை மாறியதோ, யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்களோ! ஆக்சில் நம்பரைப் பார்த்தால் தெரியுமே என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போது உள்ளே என்ன இருந்தது என்பதை நம்பர் சொல்லும், அவ்வளவுதான். ஜாகுவார் இ-டைப் போன்ற கார்களில் டிஃபரென்ஷியல் மூடியின் போல்ட்டில் ஒரு சின்னத் தகடு மாட்டியிருக்கும், 46-13 என்று இருந்தால் 3.54, 43-13 என்றால் 3.31. தகடு தொலையாமல் இருந்தால், உள்ளே ப்ரொப்பல்லரோடு சுற்றும் சின்னப் பினியன், அது சுற்றிவிடும் பெரிய கிரவுன் வீல் என்ற பல்சக்கர ஜோடியை யாரும் மாற்றாமல் இருந்தால், வேலை முடிந்தது. இரண்டு ‘இருந்தால்’.

சரி, டேக்கோமீட்டர் என்ன செய்யும்? பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு சக்கரமும் காற்றில் சுற்ற, டாப் கியரில் எஞ்சினை ஓடவிட்டு, ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் வேகத்தைச் சக்கரத்தின் வேகத்தால் வகுத்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். டாப் கியர் நேரடியாகப் போவதால் எஞ்சின் புல்லியின் வேகம்தான் ப்ரொப்பல்லரின் வேகமும். கணக்கு சரிதான், ஆனால் டிஃபரென்ஷியல் ஒன்று நடுவில் இருக்கிறது. சாதாரண டிஃபரென்ஷியலில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டிய கட்டாயமில்லை. ஒரு பக்கம் பிரேக் லேசாக உரசினாலே அந்தப் பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் ஓடும், கிரவுன் வீல் இரண்டின் சராசரியில் சுற்றும். ப்ரொப்பல்லர் 1000 சுற்று, இடது சக்கரம் 230, வலது சக்கரம் 258 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடதை மட்டும் அளந்தால் 4.35 வரும், அட 4.3 என்று எழுதிவிடுவோம். வலதை மட்டும் அளந்தால் 3.88, உடனே இது எம்ஜிபி டிஃபரென்ஷியல் என்று தீர்மானித்துவிடுவோம். சராசரி 244, உண்மையான பதில் 4.1. கருவி மூன்று இடத்திலும் துல்லியமாகத்தான் அளந்திருக்கும்!

இது போதாதென்று, ஒரு கருவியால் ஒரே சமயத்தில் ஓரிடத்தைத்தான் அளக்க முடியும். இரட்டைக் கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின் ஒரு நிமிடம்கூட ஒரே வேகத்தில் நிற்பதில்லை, புல்லியை அளந்துவிட்டுச் சக்கரத்துக்கு நடந்து வருவதற்குள் எண் மாறியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின் சக்கரங்கள் எஞ்சின் பலத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய்க் குனிவது எனக்குப் பிடித்தமான வேலை இல்லை. இந்த முறைக்கு நான் மதிப்பெண் போடவே மாட்டேன்.

கையால் சுற்றும் முறைக்கு வருவோம். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ரேஷியோ என்பது கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுப்பது. 4.3 என்பது 43-க்கு 10, 4.1 என்பது 41-க்கு 10, 3.909 என்பது 43-க்கு 11. பற்களின் எண்ணிக்கை எப்போதும் முழு எண்தான், நடுவில் 4.2-வோ 4.17-ஓ இந்த ஹவுசிங்கில் வரப்போவதில்லை. ஆகவே மூன்றாம் தசமம் வரை அளக்கும் கருவி எதற்கு? மூன்று பேரில் இவர் யார் என்று பிரித்துச் சொன்னால் போதும்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்கி ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ப்ரொப்பல்லர் ஆக்சிலோடு சேரும் ஃபிளாஞ்சில் ஒரு கோடு, இரண்டுக்கும் எதிரில் அசையாத இடத்தில் ஒரு குறி. ஒருவர் சக்கரத்தைச் சுற்ற இன்னொருவர் ப்ரொப்பல்லரை எண்ண வேண்டும். மறு சக்கரம் தரையில் நிற்பதால் இந்தச் சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும், இதை மறந்தால் பதில் பாதியாகத்தான் வரும். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வைத்த ஆக்சிலில் ஒற்றைச் சக்கரம் லேசில் அசையாது. அங்கே இரண்டையும் தூக்கிக்கொள்ளுங்கள், ஒன்றைச் சுற்றினால் மற்றதும் அதே பக்கம் சேர்ந்து வரும், சக்கரத்தின் ஒரு சுற்றே கிரவுன் வீலின் ஒரு சுற்று.

அப்புறம், ஒரே திசையில் மட்டும் சுற்றுங்கள். தேய்ந்த ஆக்சிலில் பல்லுக்குப் பல் ப்ளே, அதாவது தளர்ந்த இடைவெளி, நிறைய இருக்கும், திசை மாற்றினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், அதற்குள் ப்ரொப்பல்லர் கோடு இருந்த இடத்தில் இருக்காது.

ஒரு சுற்றில் நிறுத்திவிட்டு ‘நாலு, நாலேகால் இருக்கும்’ என்று சொல்லி எழுந்துவிடுவதில் பயனில்லை. சக்கரத்தை 20 சுற்று, அதாவது கிரவுன் வீலை 10 சுற்று சுற்றுங்கள். ப்ரொப்பல்லர் 43 சுற்று சுற்றிக் கோடு குறிக்கு நேராக வந்து நின்றால் 4.3. 41-ல் நின்றால் 4.1. 39 சுற்று முடிந்து கோடு குறியைக் கொஞ்சம், ஒரு சுற்றில் பதினொன்றில் ஒரு பங்கு, தாண்டி நின்றால் 3.909 என்ற சந்தேகம் வர வேண்டும். இன்னும் இரண்டு சுற்று சக்கரத்தைச் சுற்றினால் 22-க்கு ப்ரொப்பல்லர் சரியாக 43, இரண்டு கோடும் ஒருசேரக் குறிக்கு வந்து நிற்கும். காரணம், 43-க்கும் 11-க்கும் பொது வகுஎண் கிடையாது, அதனால் ஒரு பல் தன் பழைய ஜோடியைத் திரும்பச் சந்திக்கக் கிரவுன் வீல் 11 சுற்று போயாக வேண்டும். அந்த இரண்டு கோடும் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது வரும் திருப்தி எந்தத் திரையிலும் கிடைக்காது. ஆக்சிலைத் திறக்காமலே பற்களை எண்ணிவிட்டோம்!

இந்த வரிசையில் டேக்கோமீட்டருக்கு இடம் எங்கே? சாலையில் ஓட்டிப் பார்க்கும் முறையில். டயரில் கோடு போட்டு, ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் வண்டியைத் தள்ளி, ஐந்து சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று தரையில் அளந்து ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். விட்டத்தை அளந்து பெருக்கினால் வரும் அளவு நிஜத்தைவிடக் கூடவே இருக்கும், எடையில் டயர் அமுங்குகிறது. சுற்றளவு 1.96 மீட்டர் என்றால், டாப் கியரில் 3000 சுற்றுக்கு 4.3 ரேஷியோவில் மணிக்கு 82 கிலோமீட்டர், 4.1-ல் 86, 3.909-ல் 90. போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரச்சினை டாஷ்போர்டில் இருக்கும் மீட்டர். மூன்றுக்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய 5 சதவீத வித்தியாசம்தான், கேபிளில் ஓடும் பழைய மீட்டர் 3000-ல் 150 சுற்று தப்பாகக் காட்டினாலே ஒரு ரேஷியோ பக்கத்து ரேஷியோவாகத் தெரியும்.

இங்கேதான் லேசர் ஜெயிக்கிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், கிராங்க் புல்லியில் டேப் ஒட்டி, உண்மையான 3000 வரும்போது டாஷ்போர்டு முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். பிறகு சாலையில் அந்த இடத்தில் முள்ளை வைத்து ஓட்டலாம். ஓவர்டிரைவ், அதாவது டாப் கியருக்கு மேல் வரும் கூடுதல் கியர், இருந்தால் அணைத்துவிட வேண்டும், எம்ஜிபி-யின் 0.82 மாதிரி ஒன்று நடுவில் புகுந்தால் கணக்கே வேறு. ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும், அதனால் அங்கே எனக்கு இந்த முறையில் நம்பிக்கை இல்லை. ஐடில் வேகம் வைக்க, கார்புரேட்டர் சரிசெய்ய, டைமிங் பார்க்க என்று கருவிக்கு அதற்குப் பிறகும் வேலை இருந்துகொண்டே இருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. புல்லியில் டைமிங்குக்காக யாரோ அடித்த வெள்ளை பெயின்ட் புள்ளி இருந்தால் அதையும் ஒரு சுற்றாக எண்ணி இரட்டிப்பு காட்டும், சுற்றிலும் பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. ஃபேன் முன்னால் இருக்கும் எஞ்சினில் லேசரைச் சாய்வாகக் கீழிருந்துதான் அடிக்க முடியும், ஃபேன் இறக்கை குறுக்கே வந்தால் எண் கன்னாபின்னாவென்று ஓடும். டியூப்லைட் வெளிச்சத்தில் 6000 அல்லது 7200 என்று அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள், அது எஞ்சின் வேகமாக இருக்காது, விளக்கின் சிமிட்டல்.

கூட வரும் டேப் துண்டு சிறியது. புல்லியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டிய கையோடு பறந்துவிடும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சைக்கிள் கடைகளில் கிடைக்கும் ரிஃப்ளெக்டர் டேப்பும் நன்றாகவே வேலை செய்கிறது.