ஐ.நா. பணியில் இந்திய ராணுவம்: ஓவர்பிரிண்ட் தபால்தலைத் தொகுப்பு, வாங்கலாமா?

இணையத்தில் பழைய ஸ்டாம்ப் விற்கும் ஒருவரிடம் 'ஐ.நா. பணியில் இந்திய ராணுவம்' என்ற பெயரில் ஒரு தொகுப்பு வாங்கினேன். அவர் யார் என்று சொல்லப் போவதில்லை, ஏன் என்பது போகப் போகத் தெரியும். விலை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கறுப்புப் பக்கங்கள் கொண்ட ஒரு சின்ன ஆல்பம், பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர், கூடவே ஆங்கிலத்தில் ஒரு நாலு பக்க விளக்கத் தாள். பேக்கிங்கில் குறை சொல்ல முடியாது, அட்டை வைத்து இறுக்கி, மழைத் தண்ணீர் படாமல் அனுப்பியிருந்தார்.

இது என்ன சமாச்சாரம் என்று தெரியாதவர்களுக்கு: சுதந்திரத்துக்குப் பிறகு நம் படைகள் அமைதிப் பணிக்கு வெளிநாடு போனபோது கூடவே கள அஞ்சலகமும் போனது. அங்கே விற்பதற்காக, அந்தச் சமயம் இங்கே புழக்கத்தில் இருந்த ஸ்டாம்பின் மேலேயே போன இடத்தின் பெயரையோ படையின் பெயரையோ அச்சடித்துக் கொடுத்தார்கள், இதற்குப் பெயர்தான் ஓவர்பிரிண்ட். காஸாவிலோ காங்கோவிலோ இருக்கிற சிப்பாய் வீட்டுக்குக் கடிதம் போட்டால் ஒட்டுவது இதைத்தான். பெரிய செலவில்லாத ஏற்பாடு. ஆனால் முதல் இருபது வருடங்களில் இந்தியா எங்கெல்லாம் ஆள் அனுப்பியது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் பொருள் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

கொரியாப் பக்கம் அருமை. இதற்காகவே வாங்கலாம். 1953 அக்டோபரில் வந்த 12 ஸ்டாம்புகள், மூன்று பை, அதாவது காலணாவிலிருந்து ஒரு ரூபாய் வரை, 1949இல் வந்த தொல்லியல் வரிசையின் மேல் தேவநாகரியில் 'பாரதீய சன்ரக்ஷா கடக் கொரியா' (இந்தியக் காவல் படை, கொரியா) என்று அச்சிட்டவை. இரண்டணா ஸ்டாம்பில் நம் நடராஜர். சிவப்புப் பின்னணியில் அவர் தூக்கிய காலும் திருவாசியும் அப்படியே இருக்க, மேலே கொரியா என்று எழுதியிருப்பதை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரப் பற்கள் ஒன்றுகூட உடையவில்லை, பின்பக்கக் கம் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது, அவ்வளவுதான். எழுபது வருடச் சரக்குக்கு, அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில், இது போதும்.

விளக்கத் தாள்தான் மானத்தை வாங்குகிறது. இந்தியப் படை கொரியாவில் போரிட்டது என்கிற பாணியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கிடையாது. 1953 ஜூலை போர்நிறுத்தத்துக்குப் பிறகு, சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைக் காவலில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில் அந்தப் படை போனது. அந்தக் கைதிகள் விஷயத்தில் முடிவெடுக்கும் ஐந்து நாட்டு ஆணையத்துக்குத் தலைவர் நம் ஜெனரல் திம்மையா. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ தன் மண்ணில் இந்தியச் சிப்பாய் கால் வைக்கக் கூடாது என்று முரண்டு பிடித்ததால், இஞ்சோன் கடற்கரையிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி ராணுவமற்ற பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே போட்ட முகாமுக்கு 'ஹிந்த் நகர்' என்று பெயர். இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத வேலை, இரண்டு பக்கமும் திட்டின. கடைசியில் எந்தப் பக்கமும் போக விரும்பாத 88 பேரைக் கப்பலில் கூட்டிக்கொண்டு 1954 பிப்ரவரியில் நம் மெட்ராஸில்தான் வந்து இறங்கினார்கள், அதில் பலர் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். இதில் ஒரு வரிகூடத் தாளில் இல்லை. போர் நடந்தபோதே அங்கே போன இந்தியர்கள் 60வது பாராசூட் கள ஆம்புலன்ஸ்காரர்கள், அவர்கள் மருத்துவப் பிரிவு. அதற்குத் தலைமை தாங்கி மகாவீர் சக்ரா வாங்கிய லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தமிழர். அவரையும் விட்டுவிட்டார்கள்.

தொகுப்பின் பெயரிலேயே கோளாறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த பக்கங்களில் வரும் கம்போடியா, லாவோஸ், வியட்நாம் ஸ்டாம்புகள் ஐ.நா. கணக்கிலேயே வராது. அது 1954 ஜெனீவா உடன்பாட்டில் உருவான மேற்பார்வை ஆணையம், இந்தியா தலைவர், கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். நாட்டுக்கு ஐந்து வீதம் 15 ஸ்டாம்புகள் முதலில், பிறகு நயா பைசா வந்ததும் இந்திய வரைபட வரிசையில் இன்னொரு சுற்று. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள், நானும் அப்படித்தான். ஐ.நா. என்று தாராளமாகச் சொல்லக்கூடியவை காங்கோவும் காஸாவும் மட்டுமே, அவை ஆல்பத்தில் இரண்டே பக்கம். அமைதிப்படை என்றதும் நம்மில் பலருக்கு 1987இல் இலங்கைக்குப் போன படை நினைவுக்கு வரும், அந்த நினைவு நல்லதாகவும் இருக்காது. அது ஐ.நா. படை அல்ல, இரு நாட்டு ஒப்பந்தத்தில் போனது. இந்த ஆல்பத்தில் அது கிடையாது.

சரி, காங்கோ. சண்டை இங்கேதான். 1962 ஜனவரி வெளியீடு, இந்திய வரைபடத்தின் மேல் இந்த முறை இந்தி இல்லை, ஆங்கிலத்தில் 'யு.என். ஃபோர்ஸ் (இந்தியா) காங்கோ'. 1961இல் ஒரு முழு பிரிகேடையே அனுப்பியது இந்தியா, கான்பெரா குண்டுவீச்சு விமானங்களும் போயின. அந்த டிசம்பர் 5ஆம் தேதி எலிசபெத்வில் நகரில் சாலை மறிப்பை உடைக்கப் போய் உயிரிழந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்ரா. ஐ.நா. பணியில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான். இப்படிப்பட்ட பக்கத்தில் 'பயன்படுத்தியது' என்று ஒரு ஸ்டாம்ப் வைத்திருந்தார் விற்பனையாளர். லென்ஸில் பார்த்தால் முத்திரையில் கோயம்புத்தூர் என்ற பெயரில் பாதி தெரிகிறது! அதைவிட மோசம், ஓவர்பிரிண்டின் கறுப்பு மை முத்திரைக் கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நிஜ ஸ்டாம்பில் முதலில் ஓவர்பிரிண்ட், அப்புறம்தான் முத்திரை, ஆகவே முத்திரைதான் மேலே இருக்க வேண்டும். யாரோ இங்கே குப்பையில் கிடந்த பழைய ஸ்டாம்பை எடுத்து மேலே அச்சடித்திருக்கிறார்கள். போட்டோ எடுத்து அனுப்பினேன். "எனக்கும் அப்படித்தான் சார் வந்தது" என்று ஒரு பதில், பிறகு இரண்டு நாள் மௌனம், பிறகு அந்த ஒன்றுக்கு மட்டும் பணத்தைத் திருப்பிவிட்டார். தெரியாமல் விற்றாரா தெரிந்தா என்பது அவருக்கே வெளிச்சம்.

காஸாவுக்கு ஒரே ஒரு ஸ்டாம்ப்தான், அது போலி இல்லை. நேரு இறந்த துக்கத்துக்கு 1964இல் வந்த பதினைந்து பைசா ஸ்டாம்பில் 'யு.என்.இ.எஃப்' (காஸாவில் இருந்த ஐ.நா. அவசரப் படையின் சுருக்கப் பெயர்) என்று அடித்தது, 1965 ஜனவரி. அந்தப் படைக்கு கியானி, ரிக்யே என்று இரண்டு இந்தியர்கள் தளபதிகளாக இருந்திருக்கிறார்கள். 1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் வெளியேறச் சொல்லி, மூட்டை கட்டிக் கிளம்புவதற்குள் ஜூன் போர் வந்து, கிளம்பாமல் மிச்சமிருந்த இந்தியச் சிப்பாய்களில் சிலர் குண்டடிபட்டு இறந்தார்கள். ஒரு ஸ்டாம்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது, தாளில் இதற்கு இரண்டரை வரி.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கொரியா 12ஐயும் காஸாவையும் தனித்தனியாகத் தேடி வாங்கினால் இதைவிட நிச்சயம் மலிவாகக் கிடைக்கும், அவை அரிதான சரக்கு இல்லை. காங்கோவை முத்திரை இல்லாத மின்ட் நிலையில் மட்டும் வாங்குங்கள், அதிலும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, திம்மையா பின்னாளில் சைப்ரஸில் ஐ.நா. படைத் தளபதியாக இருக்கும்போதே 1965 டிசம்பரில் இறந்துபோனார், மறு வருடம் சைப்ரஸ் அரசே அவர் படத்தோடு ஸ்டாம்ப் வெளியிட்டது. இந்தத் தொகுப்பில் அது இல்லை. வேறு ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், விலை அதிகமில்லை.